வானம் எவன் அப்பன் வீட்டுச் சொத்து?

நம் பிள்ளைகள் வாத்தியாராகலாம், நர்ஸாகலாம், மிஞ்சிப்போனால் வக்கீலாகலாம். அதுவரைக்கும் ஊர் பொறுத்துக்கொள்ளும். கலெக்டர் ஆகணும் என்றால் கொஞ்சம் முணுமுணுக்கும். 'பைலட் ஆகணும்' என்று ஒரு காலனிப் பிள்ளை வாய்திறந்து சொல்லிவிட்டால் ஊர் மட்டுமல்ல, நம்ம ஆளே சிரிப்பான். 'ஏண்டா, பஸ்ஸுக்கே காசில்ல, நீ ஏரோப்ளேன் ஓட்டப் போறியா?' என்பான். எந்த உயரம் யாருக்கு என்று பிறக்கும்போதே அளந்து வைத்த கணக்கு ஒன்று அந்தச் சிரிப்புக்குள்ளே இருக்கிறது.

இந்தச் சிரிப்பைத் தாண்டி வருகிற பிள்ளையை இன்னொருத்தன் வாசலிலேயே நின்று வரவேற்கிறான். அவன் சிரிக்கவே மாட்டான். 'வாங்க சார், உட்காருங்க சார்' என்று ஏ.சி. ரூமில் உட்கார வைப்பான். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் ஒருத்தர் விமானத்தின் முன்னால் நிற்கிற வழவழப்புத் தாளைக் கையில் கொடுப்பான். அவன்தான் கிரவுண்ட் ஸ்கூல்காரன். சிரிக்கிறவனைவிட இவனிடம்தான் நாம் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது. சிரிக்கிறவன் நம் மானத்தைத்தான் சீண்டுகிறான். இவன் கண் நம் அப்பன் வைத்திருக்கிற அரை ஏக்கர் மேலே இருக்கிறது.

நான் விமானி அல்ல. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவன். சாயங்காலம் எங்கள் காலனி அம்பேத்கர் மன்றத்தில் பிள்ளைகளோடு உட்காருகிறவன். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு தம்பிகளும் ஒரு தங்கச்சியும் விமானி உரிமத்துக்கான தேர்வு எழுதுவது என்று துணிந்து இறங்கினார்கள். துணைக்குப் போனவன் என்ற முறையில் சென்னை, பெங்களூர், டெல்லி என்று பல கிரவுண்ட் ஸ்கூல் படிகளை ஏறி இறங்கினேன். அவர்களோடு சேர்ந்து அந்தப் புத்தகங்களையும் படித்தேன். அதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்ததைத்தான் இங்கே தோழர்கள் முன்னால் வைக்கிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். விமானம் ஓட்டுவதற்கு இரண்டு படிப்பு. ஒன்று, ஆகாயத்தில் பறந்து படிப்பது. இன்னொன்று, தரையில் உட்கார்ந்து புத்தகத்தில் படிப்பது. இந்தத் தரைப் படிப்புக்கு வகுப்பு எடுக்கிற இடத்தைத்தான் கிரவுண்ட் ஸ்கூல் என்கிறார்கள். இந்தியாவில் தேர்வு நடத்துவதும் உரிமம் கொடுப்பதும் டி.ஜி.சி.ஏ. என்கிற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்கார முதலில் வேண்டியது சி.பி.எல். என்கிற வணிக விமானி உரிமம். 18 வயது ஆகியிருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். கூடவே தாள்கள்: வான்வழி கண்டறியும் நேவிகேஷன், வானிலையியல், விமானச் சட்டவிதிகள், பொதுத் தொழில்நுட்பம், ஓட்டுகிற விமானத்தைப் பற்றிய தனித் தொழில்நுட்பம். இதற்கெல்லாம் மேலே ரேடியோவில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர். கேப்டனாக வேண்டுமென்றால் அப்புறம் ஏ.டி.பி.எல்.; அதற்கு 21 வயது, 1500 மணி நேரம், திரும்பவும் தேர்வு. டி.ஜி.சி.ஏ. தாள்களில் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். 70 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தப்பு விடைக்கு மார்க் குறைப்பதில்லை.

இங்கேதான் தோழர்கள் ஒரு விஷயத்தை அழுத்தமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் கொடுப்பது பறக்கச் சொல்லித்தரும் நிறுவனங்களுக்கு. தேர்வு எழுத வேண்டுமானால் இன்ன கிரவுண்ட் ஸ்கூலில் படித்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. பிளஸ் டூ தகுதி இருக்கிறது, டி.ஜி.சி.ஏ.விடம் கம்ப்யூட்டர் நம்பர் என்கிற பதிவு எண் வாங்கியாச்சு என்றால், மன்றத்து டியூப்லைட் வெளிச்சத்தில் படித்துவிட்டுக்கூடப் போய் எழுதலாம். பரீட்சைத் தாள் 'உன் குரு யார்?' என்று கேட்பதில்லை. ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே விமான நிறுவன விமானிக்கான தியரி 13 தாள், 75 சதம் எடுத்தால்தான் தேர்ச்சி. அதுவும் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் ஒன்றில் படித்து, அவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே நுழைய முடியும். அங்கே பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்பது நுழைவுச் சீட்டைத் தேர்ந்தெடுப்பது மாதிரி. இங்கே அப்படி இல்லை. ஆனால் அங்கே உள்ள அந்தக் கட்டாயத்தின் பயத்தை இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். 'அங்கீகாரம் பெற்ற கிரவுண்ட் ஸ்கூல்' என்று எவனாவது சொன்னால், 'எதற்கு அங்கீகாரம்? அந்தக் காகிதத்தைக் காட்டுங்க' என்று கேளுங்கள். பேச்சு மாறும்.

அப்படியென்றால் கிரவுண்ட் ஸ்கூலே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியும், அப்பாவின் நண்பர் ஒருத்தர் கேப்டனாக இருப்பார், சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்பான். அந்தப் பிள்ளைகூட கிரவுண்ட் ஸ்கூல் போகிறபோது, கேட்க ஆளே இல்லாத நம் பிள்ளை ஏன் போகக்கூடாது? போகலாம். ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். எது நமக்கு வரும், எது வராது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து மொத்தமாகக் காசைக் கொட்டுவதைத்தான் கூடாது என்கிறேன்.

ஒவ்வொரு பாடமாகப் பார்க்கலாம். சட்டவிதிகள் என்பது பெரும்பாலும் மனப்பாடம். 1944 டிசம்பர் 7-ஆம் தேதி சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கை, அதன் 19 இணைப்புகள், எந்த விமானம் எதற்கு வழிவிட வேண்டும், கோபுரத்திலிருந்து காட்டுகிற சிவப்பு, பச்சை விளக்குக்கு என்ன அர்த்தம், இப்படி. ஆர்.கே. பாலியின் புத்தகத்தை நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுக்கொண்டே முடித்துவிடலாம். எங்கள் மன்றத்தில் அப்படித்தான் முடித்தோம். இதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் எதுக்கு?

வானிலையியலுக்கு எல்லாரும் கையில் வைத்திருப்பது ஐ.சி. ஜோஷியின் புத்தகம். கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பம், 1013.25 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம், ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி குறையும் என்கிற தரக்கணக்கில் ஆரம்பித்து, தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று, வங்காளத்தில் சித்திரை, வைகாசியில் அடிக்கிற கால்பைசாகி என்று போகும். இந்தியத் தேர்வில் இந்திய வானிலை நிறைய வரும். ஐப்பசியில் வாடை திரும்புவதை உடம்பால் அறிந்தவன், புயல் வருவதைக் கடலின் நிறத்தில் கண்டுபிடிக்கிறவன் நம்ம ஆள். குளிர் அறையில் வளர்ந்தவனுக்கு அது புத்தகத்தில் இருக்கிற படம். நமக்கு அது கூரை பறந்த ராத்திரி. இங்கிலீஷ் பெயரைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

பொதுத் தொழில்நுட்பத்தில் எஞ்சின், கார்புரேட்டர், கைரோஸ்கோப், இறக்கையைக் காற்று தூக்குகிற விதம் எல்லாம் வரும். எங்கள் தம்பி ஒருத்தன் லீவு நாளில் டூ வீலர் ஒர்க்ஷாப்பில் வேலை செய்தவன். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை அவனே மற்றவர்களுக்கு நடத்தினான்.

நேவிகேஷன்தான் பலரும் விழுகிற இடம். இங்கேதான் நல்ல வாத்தியார் தேவை. ஆனால் அதையும் பூதமாக்கிக் காட்டுகிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 60 கடல் மைல் தூரம். வடக்கே போகப் போகக் குறையும். 60 பாகை அட்சரேகையில் எவ்வளவு? 60-ஐ காஸ் 60-ஆல் பெருக்கு. காஸ் 60 என்றால் அரை. ஆக 30 கடல் மைல். இது நாம் பத்தாம் வகுப்பில் போட்ட முக்கோணவியல். இன்னொன்று: 60 கடல் மைல் பறந்த பிறகு போக வேண்டிய கோட்டிலிருந்து 4 கடல் மைல் விலகியிருந்தால், திசை ஏறத்தாழ 4 பாகை தப்பியிருக்கிறது என்று அர்த்தம். மனக்கணக்கு. காற்று முக்கோணம், எரிபொருள் தீராமல் திரும்பி வரக்கூடிய கடைசிப் புள்ளி, வட்டமான அந்த நேவிகேஷன் கம்ப்யூட்டரைக் கையால் சுற்றிப் போடுகிற கணக்கு எல்லாம் இதன் மேலே கட்டியதுதான். ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது, ஐம்பது கணக்குப் போட வைத்தால் வந்துவிடும். அப்படி உட்கார வைப்பாரா என்பதுதான் கிரவுண்ட் ஸ்கூலிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆகவே மாதிரி வகுப்பு கேட்டால் சட்டவிதி வகுப்பில் உட்காராதீர்கள். நேவிகேஷன் வகுப்பில் உட்காருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் உட்காருங்கள். வாத்தியார் 'ஏன்' என்று சொல்கிறாரா, 'இந்தக் கேள்வி வந்தா பி போடு' என்கிறாரா என்று கவனியுங்கள். பல இடங்களில் நடப்பது இரண்டாவதுதான். பழைய பரீட்சை எழுதியவர்களிடமிருந்து திரட்டிய கேள்விகளைக் கட்டாகக் கொடுத்து உருப்போடச் சொல்கிறார்கள். 70 வாங்கிவிடலாம். அப்புறம்? 2009 ஜூன் 1-ஆம் தேதி ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் செத்தார்கள். வேகத்தை அளக்கிற பிட்டோ குழாயில் பனிக்கட்டி அடைத்து, வேகமானி பொய் சொன்னது; மூக்கைத் தூக்கியே பிடித்ததில் இறக்கை தூக்கும் சக்தியை இழந்து விமானம் அப்படியே கீழே இறங்கியது. பிட்டோ குழாய் என்பது பொதுத் தொழில்நுட்பத் தாளில் ஒரு மார்க் கேள்வி. மார்க்குக்காக மட்டும் படித்தவன் நாளைக்கு இருநூறு பேரை முதுகில் சுமக்கப் போகிறான் என்பதை மறக்கக்கூடாது. மேலும், நம் பிள்ளை தப்புச் செய்தால் 'கோட்டாவில் வந்தவன்' என்று சொல்லக் காத்திருக்கிற நாடு இது. பிட்டோ குழாய் ஏன் பொய் சொல்லும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருவோம். நம் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது ஆர்.டி.ஆருக்குத்தான். காரணம், எதிரே ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு பேசிக் காட்ட வேண்டும். இதுநாள்வரை தொலைத்தொடர்புத் துறையின் பிரிவு நடத்திவந்த தேர்வு இது. பாரதிய வாயுயான் அதிநியம் என்று நாக்கு சுளுக்குகிற பெயரில் 2024-ல் வந்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையான சட்டம் இந்த அதிகாரத்தை டி.ஜி.சி.ஏ. பக்கம் மாற்றியது. யார் நடத்தினாலும் பயம் ஒன்றுதான்: 'எனக்கு கான்வென்ட் இங்கிலீஷ் வராதே!'

வர வேண்டியதில்லை, தம்பி. விமான ரேடியோவில் பேசுவது கான்வென்ட் இங்கிலீஷ் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதிப்படி மூன்று என்ற எண்ணை 'த்ரீ' என்று சொல்லக்கூடாது, 'ட்ரீ' என்று சொல்ல வேண்டும். ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்', ஆயிரம் 'டௌசண்ட்'. இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் காதில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் 'ட்ரீ' என்று சொன்னதற்காக நம் பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து வகுப்பே சிரித்திருக்கும். ஆகாயத்திலே லண்டன்காரனும் 'ட்ரீ' என்றுதான் சொல்ல வேண்டும்! எல்லாம் அச்சில் வார்த்த வாக்கியங்கள். யார் சொல்லிப் பழகினாலும் வரும். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். உரிமத்துக்கு ஆங்கிலப் பேச்சுத் திறன் நாலாவது நிலை என்று தனியே ஒரு சான்றும் கேட்பார்கள். அதற்கும் மருந்து பேசுவதுதான். ஆகவே கிரவுண்ட் ஸ்கூலுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது நேவிகேஷனும் ஆர்.டி.ஆரும்தான். தினமும் ஒவ்வொரு மாணவனையும் ஹெட்போன் மாட்டிப் பேச வைக்கிறார்களா, அல்லது முதல் பெஞ்சில் இருக்கிற நாலு பேர் மட்டும் பேசிவிட்டுப் போகிறார்களா என்று பாருங்கள்.

இன்னொரு மொழிப் பிரச்சினையும் இருக்கிறது. டெல்லியில் துவாரகா பக்கம் தெருவுக்குத் தெரு கிரவுண்ட் ஸ்கூல். வாத்தியார் இங்கிலீஷில் ஆரம்பிப்பார். பத்து நிமிஷத்தில் இந்திக்குப் போய்விடுவார். வகுப்பே சிரிக்கும், நம் பிள்ளை மட்டும் என்ன ஜோக் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். நான் துணைக்குப் போன ஒரு இடத்தில் 'இந்தி தெரியாதென்றால் கஷ்டம்தான்' என்று கட்டணம் பற்றிப் பேசும்போது சொல்லவில்லை. ரசீது போட்ட பிறகு சொன்னார்கள். தங்குவதற்கு அறை தேடினால் 'என்ன சாப்பிடுவீங்க, எந்த ஆளுங்க' என்று கேள்வி. இதையெல்லாம் கட்டணத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 2020 கொரோனாவுக்குப் பிறகு இணையவழி வகுப்புகள் பெருகிவிட்டன. வீட்டிலிருந்தே படிக்கலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம். ஆனால் தனியாகப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாசத்தில் சலிப்புத் தட்டிவிடும். மூன்று பேராவது சேர்ந்து ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது வகுப்பு.

காசு பற்றி. எந்த வரிசையில் செலவழிக்கிறோம் என்பதில்தான் குடும்பத்தின் தலைவிதியே இருக்கிறது. முதலில் மருத்துவம். இரண்டாம் வகுப்புச் சோதனை, பிறகு முதல் வகுப்பு. கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம், திருத்திக்கொள்ளக்கூடிய பார்வைக்குத் தடையில்லை. ஆனால் நிறக்குருடு மாதிரி ஒன்று இருந்தால் அதை எல்லாக் காசும் கட்டிய பிறகு கண்டுபிடிக்கக்கூடாது. அடுத்து, கம்ப்யூட்டர் நம்பர். இதற்கு ஏஜெண்ட் வேண்டாம். டி.ஜி.சி.ஏ. தளத்தில் நாமே போடலாம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் வேண்டும் என்பது 1990களிலிருந்து இருந்துவருகிற விதி. இதைத் தளர்த்தி எல்லாப் பிரிவு மாணவர்களையும் விடலாமா என்ற பேச்சு 2025-ல் எழுந்தது. விண்ணப்பிக்கிற நாளில் என்ன விதி என்று அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடங்கள் இல்லாதவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அவற்றை மட்டும் எழுதிச் சேர்த்துக்கொள்கிற வழி பல வருஷமாகவே இருக்கிறது.

மூன்றாவது, தாள்கள். பறப்பதற்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால் தாள்களை முடியுங்கள். தியரி வகுப்புக்குச் சில லட்சம். பறக்கும் பயிற்சிக்கு அரைக் கோடி. பெரிய நிறுவனங்களின் மொத்தத் திட்டங்களுக்கு ஒரு கோடியையும் தாண்டுகிறது. இந்தப் பாதையில் மலிவான பகுதி தியரிதான். இது எனக்கு வருமா, இதில் எனக்குப் பிடிப்பு உண்டா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் வியாபாரி என்ன செய்கிறான்? 'தியரி, ஃப்ளையிங், வெளிநாடு, வேலை எல்லாம் ஒரே பேக்கேஜ்' என்கிறான். தியரியில் தோற்றாலும் காசு அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கும். பேக்கேஜில் கையெழுத்துப் போடாதீர்கள். பாடவாரியாகக் கட்டணம் கேளுங்கள். தவணை கேளுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை எவனிடமும் கொடுக்காதீர்கள். 'நூறு சதம் தேர்ச்சி' என்றால், 'போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தாங்க, நேவிகேஷனில் முதல் தடவையே பாஸானவங்க எத்தனை பேர்' என்று கேளுங்கள். ஆறாவது தடவை பாஸானவனும் அவர்கள் கணக்கில் பாஸ்தான். பாஸானவர்களின் போட்டோ சுவரில் தொங்கும். பெயிலானவர்களைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள், டீக்கடையில் கிடைப்பார்கள். உண்மை அவர்களிடம்தான் இருக்கும்.

அரசாங்கம் என்ன செய்கிறது? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் சி.பி.எல். படிப்பு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்தரக் கல்வித் திட்டத்தில் தனியார் பறக்கும் கழகங்களில் சி.பி.எல். படிக்க ஆண்டுக்கு 3.72 லட்சம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் பர்சத்கஞ்சில் இருக்கிற இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி மத்திய அரசினுடையது. நுழைவுத் தேர்வு உண்டு, இடஒதுக்கீடு உண்டு. இதெல்லாம் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், உதவித்தொகை என்பது அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு. தெருமுனைக் கிரவுண்ட் ஸ்கூல் அதில் வராது. ஆக, முதல் கதவைத் திறக்கிற காசு மட்டும் பிள்ளையின் சொந்தக் கையிலிருந்து வர வேண்டும். பணம் இருக்கிறவனுக்கு அது கதவே இல்லை. இல்லாதவனுக்கு அது சுவர். அந்தச் சுவரைப் பற்றி நம் இயக்கங்கள் இதுவரை பெரிதாகப் பேசியதில்லை. மேலே உள்ள கதவும் சுருங்கிவிட்டது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டாவிடம் போனபோது அங்கே இருந்த இடஒதுக்கீடும் கூடவே போனது.

ஒடிசாவின் மால்கன்கிரி மாவட்டத்துப் பெண் அனுப்ரியா லக்ரா. ஆதிவாசி. அப்பா போலீஸில் சாதாரண ஊழியர். இஞ்சினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு விமானப் பயிற்சிக்குப் போனவர், 2019-ல் துணை விமானியாகச் சேர்ந்தார். 2012-ல் தொடங்கியவருக்கு ஏழு வருஷம் பிடித்தது. பணம் உள்ள வீட்டில் இதை இரண்டு, மூன்று வருஷத்தில் முடிக்கிறார்கள். அந்த மிச்ச வருஷங்களைத்தான் நாம் நம் பிள்ளைகளுக்குக் குறைத்துக்கொடுக்க வேண்டும்.

எப்படி என்பதற்குக் கறுப்பர்களிடம் ஒரு வரலாறு இருக்கிறது. பெஸ்ஸி கோல்மன் என்கிற பெண்ணை அமெரிக்காவில் எந்தப் பறக்கும் பள்ளியும் சேர்க்கவில்லை. கறுப்பி, அதிலும் பெண். சிகாகோவில் நகம் திருத்தும் வேலை செய்துகொண்டே பிரெஞ்சு கற்றுக்கொண்டு பிரான்ஸுக்குப் போய் 1921 ஜூன் 15-ல் உரிமம் வாங்கினாள். அடுத்த தலைமுறையில் ஜான் ராபின்சன். சிகாகோவின் கர்ட்டிஸ்-ரைட் விமானப் பள்ளி கறுப்பனைச் சேர்க்காது என்றதும், அதே பள்ளியில் துடைப்பம் பிடிக்கிற வேலைக்குச் சேர்ந்து, கூட்டிக்கொண்டே பாடத்தைக் காதில் வாங்கினார். ஏகலைவன் கதைதான். ஆனால் இவர் கட்டைவிரலைக் கொடுக்கவில்லை. அவரும் நண்பர் கார்னீலியஸ் காஃபியும் போராடி உள்ளே நுழைந்து 1931-ல் படிப்பை முடித்தார்கள். அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. தங்கள் மக்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு காஃபியும் வில்லா பிரவுன் என்கிற பெண் விமானியும் சேர்ந்து சொந்தமாகவே ஒரு விமானப் பள்ளி நடத்தினார்கள். கதவைத் தட்டுவதும் நடந்தது, கூடவே சொந்தக் கதவைக் கட்டுவதும் நடந்தது.

நமக்கும் அது முடியும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு மன்றம் போதும். ஜோஷி, பாலி புத்தகங்கள், ஆக்ஸ்போர்டு வரிசையில் நேவிகேஷன், கருவிகள் பற்றிய தொகுதிகள், ஒரு நேவிகேஷன் கம்ப்யூட்டர், இரண்டு ஹெட்போன். இவ்வளவுதான் மூலதனம். கணக்கு வாத்தியார் ஒருத்தர், இயற்பியல் வாத்தியார் ஒருத்தர் நம்மிடம் இல்லையா? சட்டவிதி, வானிலை, பொதுத் தொழில்நுட்பம் மூன்றையும் அங்கேயே முடித்துவிட்டு, நேவிகேஷனுக்கும் ஆர்.டி.ஆருக்கும் மட்டும் நல்ல இடமாகப் பார்த்து அனுப்பலாம். பாஸான பிள்ளை அடுத்த பிள்ளைக்கு நடத்த வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அரசிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம்: தியரித் தேர்வுக் கட்டணத்தையும் வகுப்புக் கட்டணத்தையும் ஆதிதிராவிடர் நலத் துறை தனியாக ஏற்க வேண்டும், மருத்துவச் சோதனைச் செலவை ஏற்க வேண்டும். கோடி கேட்கவில்லை, முதல் கதவுக்கான காசைக் கேட்கிறோம்.

எங்கள் மூன்று பேரில் தங்கச்சி நாலு தாள் முடித்துவிட்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் மன்றத்தில் வானிலையியல் நடத்துகிறாள். ஒரு தம்பி நேவிகேஷன் மூன்றாவது முறை எழுதப் போகிறான். இன்னொருத்தன் இது எனக்குச் சரிப்படாது என்று விமானப் பராமரிப்புப் படிப்புக்குப் போய்விட்டான். நிலம் அப்படியே இருக்கிறது. மன்றத்தில் புத்தகம் இரண்டு செட் இருக்கிறது, படிக்க வருகிறவர்கள் வரலாம்.